பெரிய விளையாட்டுப் போட்டியால் உள்ளூர் மக்களுக்கு என்ன கிடைக்கிறது? கவுன்சில்கள் வாங்கும் பாராட்டு நியாயமானதா?

பிரிட்டனில் ஒலிம்பிக், காமன்வெல்த் போட்டிகளை நடத்திய ஊர்களின் கவுன்சில்களுக்கு (நம் ஊர் நகராட்சி, மாநகராட்சி போன்றவை), மக்களுக்குப் பயன்படும்படி நடத்தினார்கள் என்று பாராட்டும் விருதும் கொடுக்கிறார்களே, அது நிஜமா விளம்பரமா என்று கேட்டிருக்கிறீர்கள். நகர நிர்வாகம் படிக்கும் மாணவர் என்றும், இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. போட்டி வந்ததால் ஊருக்கு நல்லது நடந்ததா என்பது ஒன்று. நடந்த நல்லதில் கவுன்சிலின் பங்கு எவ்வளவு என்பது இன்னொன்று. பாராட்டு இரண்டாவதற்குத்தான் கிடைக்கிறது. ஆனால் செய்திகளில் அதை முதலாவதற்குக் கிடைத்ததுபோல் எழுதிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நான் இங்கிலாந்தின் உள்ளாட்சி அமைப்புகளில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். முதல் சில வருடம் நீச்சல் குளங்களையும் விளையாட்டுக் கூடங்களையும் நடத்தும் பிரிவில் இருந்தேன். அப்புறம் டெண்டர், ஒப்பந்தம், உள்ளூர்க்காரர்களுக்கு வேலை என்று வேறு பிரிவுக்குப் போனேன். ஆகவே ஒப்பந்தம், வேலை, குளம், மைதானம் பற்றி உறுதியாகப் பேச முடியும். வாடகை, நில விலை பற்றி நான் சொல்வது படித்தும் சக ஊழியர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது. அதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யார் என்ன செய்கிறார்கள் என்பது தெளிவாக வேண்டும். போட்டியை நடத்த ஒரு அமைப்புக் குழு உருவாகும். அது ஒரு தற்காலிக நிறுவனம். நிறைவு விழா முடிந்து கணக்கு வழக்கு தீர்ந்ததும் கலைந்துவிடும். பெரும் பணம் பெரும்பாலும் அரசிடமிருந்தும் லாட்டரி நிதியிலிருந்தும் வரும். கவுன்சில் மட்டும்தான் அதற்கு முன்பும் அங்கே இருந்தது, பின்பும் இருக்கப்போவது. குளத்தின் கொதிகலன் பத்து வருடம் கழித்துப் பழுதானால் தொலைபேசி அங்கேதான் அடிக்கும். அதனால் ஒரு கவுன்சில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டதா என்று பார்க்க, போட்டி நடந்த சில நாளைப் பார்த்துப் பயனில்லை. அதற்கு ஐந்து வருடம் முன்னால் என்ன எழுதி வாங்கினார்கள், பத்து வருடம் பின்னால் சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மான்செஸ்டரை எடுத்துக்கொள்வோம். 1996, 2000 ஒலிம்பிக் இரண்டுக்கும் விண்ணப்பித்து இரண்டு முறையும் தோற்ற ஊர் அது. பிறகு 2002 காமன்வெல்த் போட்டி கிடைத்தது. பிரதான அரங்கத்தைக் கிழக்கு மான்செஸ்டரில், பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் கட்டினார்கள். தொழிற்சாலைகள் மூடி, ஆட்கள் வெளியேறி, வீடுகள் பூட்டிக் கிடந்த பகுதி அது. முக்கியமான விஷயம், போட்டிக்குப் பிறகு அரங்கத்தை யார் பயன்படுத்துவார்கள் என்பதைக் கட்டத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிட்டார்கள். போட்டியின்போது சுமார் 38,000 பேர் உட்காரும்படி இருந்தது. முடிந்த கையோடு தடகளப் பாதையைப் பெயர்த்து, தரையைத் தாழ்த்தி, கீழே இன்னொரு அடுக்கு இருக்கைகளைச் சேர்த்து, சுமார் 48,000 பேருக்கான கால்பந்து அரங்கமாக மாற்றினார்கள். 2003-இல் மான்செஸ்டர் சிட்டி அணி குடிவந்தது.

குடிவந்தது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அரங்கம் இன்றும் கவுன்சிலின் சொத்து, அணி அங்கே குத்தகைதாரர். ஆரம்ப ஒப்பந்தத்தில், அணியின் பழைய மைதானத்தில் கொள்ளும் கூட்டத்துக்கு மேல் எத்தனை டிக்கெட் விற்கிறதோ அந்த வருமானத்தில் கவுன்சிலுக்குப் பங்கு என்று இருந்தது. அந்தப் பணம், தானாக லாபம் ஈட்ட முடியாத மற்ற விளையாட்டுக் கூடங்களைத் தாங்கப் போனது. அதாவது சனிக்கிழமை கால்பந்து பார்க்கக் காசு கொடுத்தவர், தனக்கே தெரியாமல், செவ்வாய்க்கிழமை வேறொரு கூடத்தில் விளையாடும் பையனுக்கும் சேர்த்துக் கொடுத்தார். இப்படி ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்தில் ஏற்றுவதற்கு எத்தனை கூட்டம், எத்தனை வழக்கறிஞர், எத்தனை தடவை 'முடியாது' என்ற பதில் என்பது அந்த வேலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கவுன்சிலின் பங்கு என்று நான் சொல்வது இதைத்தான்.

மான்செஸ்டரில் எனக்கு இன்னும் பிடித்தது தொண்டர்கள் விஷயம். போட்டிக்குச் சுமார் 10,000 தொண்டர்கள் தேவைப்பட்டார்கள். சாதாரணமாக இப்படி வருகிறவர்கள் ஏற்கெனவே நல்ல வேலையில் இருப்பவர்கள், விடுமுறை எடுத்துக்கொண்டு வரக்கூடியவர்கள். இங்கே பல வருடம் வேலையில்லாதவர்கள், ஊனமுற்றோர், பள்ளிப் படிப்பை விட்டவர்கள் ஆகியோரைத் தேடிப் பிடித்து, போட்டிக்கு முன்பே பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் வாங்கவைத்தார்கள். போட்டிக்குப் பிறகு அந்தப் பெயர்ப் பட்டியலைத் தூக்கிப் போடாமல், நகரத்தின் மற்ற நிகழ்ச்சிகளுக்கு ஆள் அனுப்பும் தொண்டர் அமைப்பாகத் தொடர்ந்து நடத்தினார்கள். இதற்கு ஆன செலவு அரங்கம் கட்டிய செலவில் ஒரு துளி.

இதற்கு நேர் எதிரான பாடம் ஷெஃபீல்டு. எஃகு ஆலைகள் மூடிய பிறகு ஊரைத் தூக்கி நிறுத்தலாம் என்று 1991-இல் உலக மாணவர் விளையாட்டுப் போட்டியை நடத்தினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் கட்டுமானக் கடன் கவுன்சிலின் தலையில் விழுந்தது. முப்பது வருடம் அதைத் திருப்பிக் கட்டினார்கள். அதற்காகக் கட்டிய டான் வேலி அரங்கம், ஒலிம்பிக் தடகள வீராங்கனை ஜெசிகா எனிஸ் பயிற்சி செய்த இடம், 2013-இல் செலவைக் குறைக்க மூடப்பட்டுப் பின் இடிக்கப்பட்டது. அதே போட்டிக்காகக் கட்டிய பான்ட்ஸ் ஃபோர்ஜ் நீச்சல் குளத்தில் மட்டும் ஒரு தலைமுறையே நீந்தக் கற்றுக்கொண்டது. ஒரே ஊர், ஒரே போட்டி, இரண்டு கட்டடத்துக்கு இரண்டு விதி. 25,000 பேர் உட்காரும் தடகள அரங்கத்துக்கு வாரந்தோறும் கூட்டம் சேர்க்க எந்த ஊராலும் முடியாது. குளத்துக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள்.

இனி ஒப்பந்தத்தில் சேர்க்கும் சமூகப் பயன் நிபந்தனை. விருதுக்கு அனுப்பும் விண்ணப்பங்களில் இது கட்டாயம் இருக்கும். கட்டுமான நிறுவனம் டெண்டரில் ஜெயித்தால், இத்தனை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும், காலியிடங்களை முதலில் கவுன்சிலின் வேலைவாய்ப்பு மேசைக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போடுவார்கள். எழுதுவது சுலபம். நடைமுறையில் எங்கே இடறும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பெரிய கட்டுமானம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. எங்கள் மேசைக்கு ஒரு பையன் வந்தான், பத்தொன்பது வயது, கட்டுமான இடத்திலிருந்து ஆயிரம் அடி தூரத்தில் வீடு. வேலைக்கு அனுப்பினோம். அரைமணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டான். பாதுகாப்புத் தேர்வு எழுதி வாங்கும் சி.எஸ்.சி.எஸ். அட்டை இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். தேர்வுக் கட்டணமும் அட்டைக் கட்டணமும் அவன் கையில் இல்லை. இரும்பு முனை வைத்த பூட்ஸும் இல்லை. ஒப்பந்தத்தில் கோடிக்கணக்கில் எழுதியிருந்தோம், பூட்ஸ் வாங்க ஒரு பைசா ஒதுக்கவில்லை.

அதற்கப்புறம் தேர்வுக் கட்டணம், பூட்ஸ், முதல் மாதச் சம்பளம் வரும்வரை பஸ் பாஸ் ஆகிய மூன்றுக்கும் ஒரு சிறு நிதி வைத்தோம். வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை அதனால்தான் கூடியது. ஒரு கவுன்சில் இந்த விஷயத்தில் நன்றாகச் செய்ததா என்று யாராவது கேட்டால், நான் முதலில் விசாரிப்பது பூட்ஸை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்பதைத்தான்.

லண்டன் 2012-க்கு வருவோம். ஒலிம்பிக்கை நடத்திய பரோக்கள் (லண்டனுக்குள் தனித்தனிக் கவுன்சில் உள்ள பகுதிகள்) முதலில் ஐந்து: நியூஹம், டவர் ஹாம்லெட்ஸ், ஹாக்னி, கிரீனிச், வால்தம் ஃபாரஸ்ட். பிறகு பார்க்கிங் அண்ட் டேகனம் ஆறாவதாகச் சேர்ந்தது. தமிழர்கள் நிறைய வாழும் ஈஸ்ட் ஹாம் இந்த நியூஹமில்தான் இருக்கிறது. முதல் ஐந்து கவுன்சில்களும் சேர்ந்து 2009-இல் ஒரு இலக்கை எழுத்தில் வைத்தன: இருபது வருடத்துக்குள் எங்கள் பகுதி மக்களுக்கு மற்ற லண்டன்காரர்களுக்குக் கிடைக்கும் அதே வாய்ப்புகள் கிடைக்க வேண்டும். வேலை, படிப்பு, ஆயுள், குற்றம் என்று ஒவ்வொன்றையும் அளந்து வருடா வருடம் ஒப்பிட்டார்கள். பதக்கத்தையோ சுற்றுலாப் பயணிகளையோ எண்ணாமல், தங்கள் மக்களைப் பக்கத்து ஊர் மக்களோடு ஒப்பிட்டு அளக்கத் துணிந்தது பெரிய விஷயம். தோற்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே.

உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. நியூஹம் கவுன்சில் 2007-இல் தன் சொந்த வேலைவாய்ப்பு அமைப்பைத் தொடங்கி, 2011-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் திறந்த வெஸ்ட்ஃபீல்டு வணிக வளாகத்துக்குப் பெருமளவில் உள்ளூர்க்காரர்களை அனுப்பியது. விளையாட்டு வீரர்கள் தங்கிய குடியிருப்பு 2,818 வீடுகளாக மாறியது, அதில் ஏறக்குறையப் பாதி குறைந்த வாடகைப் பிரிவு. ஒலிம்பிக் நீச்சல் குளம் 2014 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்தபோது, பக்கத்துக் கவுன்சில் குளங்களில் வாங்கும் கட்டணத்தை ஒட்டியே வைத்தார்கள். இந்தக் கட்டண முடிவு சின்னதாகத் தெரியும். ஆனால் உலகச் சாதனை நடந்த குளத்தில், நாலு தெரு தள்ளியிருக்கும் குழந்தை அதே காசுக்கு நீந்துகிறது என்றால் யாரோ ஒருவர் அதற்காக உட்கார்ந்து வாதாடியிருக்கிறார் என்று அர்த்தம்.

சந்தேகத்துக்குரியவையும் உண்டு. ஒலிம்பிக் பூங்காவைக் கட்டிய தொழிலாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்தப் பரோக்களில் வசித்தவர் என்று கணக்கு வந்தது, இலக்கைவிட அதிகம். ஆனால் எத்தனை வருடமாக வசித்தவர்? வேலைக்காகவே வந்து அறை எடுத்துத் தங்கியவரும் அந்தக் கணக்கில் உள்ளூர்க்காரர்தான். இதே சிக்கல் பெரிய இலக்குக்கும் வருகிறது. பரோவின் சராசரி வருமானம் உயர்ந்தால் பழைய ஆட்கள் முன்னேறினார்களா, அல்லது வசதியானவர்கள் குடிவந்து பழையவர்கள் வாடகை தாங்காமல் வெளியேறினார்களா? சராசரி இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும். பள்ளித் தேர்ச்சியில் இடைவெளி நன்றாகக் குறைந்தது உண்மை. அதே காலத்தில் லண்டன் பள்ளிகள் முழுவதுமே முன்னேறின. அதில் ஒலிம்பிக்குக்கு எவ்வளவு பங்கு என்று யாராவது துல்லியமாக எண் சொன்னால் நம்பாதீர்கள்.

இழப்பும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. பூங்காவுக்கு இடம் வேண்டி, கிளேஸ் லேன் என்ற கூட்டுறவுக் குடியிருப்பிலிருந்து நானூறுக்கு மேற்பட்டவர்கள் 2007-இல் வெளியேற்றப்பட்டார்கள். பல தலைமுறையாகக் காய்கறி பயிரிட்ட மேனர் கார்டன் தோட்டங்களும் போயின. நியூஹம் கவுன்சில் ஒலிம்பிக் அரங்கத்தை மாற்றியமைக்க 40 மில்லியன் பவுண்ட் போட்டது. மாற்றும் செலவு எகிறி 323 மில்லியனைத் தொட்டது. கடைசியில் கவுன்சில் அந்தப் பணத்தை நஷ்டமாக எழுதிவிட்டு விலகியது. வேலைவாய்ப்பில் நல்ல பெயர் வாங்கிய அதே கவுன்சில்தான். ஒரு கவுன்சிலை முழுதாக நல்லது, முழுதாக கெட்டது என்று முத்திரை குத்த முடியாதது இதனால்தான்.

கிளாஸ்கோ பற்றிக் கொஞ்சம். 2014 காமன்வெல்த் போட்டிக்குத் தேவையான இடங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருந்தவை. அதனால் பணத்தை வேறு இடத்தில் போட முடிந்தது. நகரின் டால்மார்னக் பகுதியில் வீரர்கள் தங்கிய 700 வீடுகளில் 400 சமூக வாடகைக்குப் போயின, 300 விற்பனைக்கு. கூடவே முதியோருக்கான 120 படுக்கைப் பராமரிப்பு இல்லம். இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது 2009-இல், பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரத்தில், கவுன்சில் கொண்டுவந்த அப்ரண்டிஸ் திட்டம். பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு வேலைப் பயிற்சி கிடைக்க, முதலாளிகளுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கவுன்சில் கொடுத்தது. போட்டிக்கும் தச்சு கற்கும் பையனுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் 2014 என்ற கெடு முன்னால் இருக்கும்போது இப்படிப்பட்ட திட்டத்துக்கு ஆதரவு திரட்டுவது எளிது என்று நினைக்கிறேன். பெரிய போட்டி கவுன்சிலுக்குத் தரும் உண்மையான பலம் இந்தத் தள்ளிப்போட முடியாத தேதி என்பது என் அனுபவம்.

புதுக் கட்டடமே இல்லாமலும் செய்யலாம். 2022 மகளிர் யூரோ கால்பந்தில் ராதரம் போன்ற சிறிய ஊர்களும் ஆட்டங்களை நடத்தின. அங்கே ஒரு காலிறுதி உட்பட நான்கு ஆட்டங்கள், நான்கிலும் பிரான்ஸ் ஆடியது. அரங்கம் ஏற்கெனவே இருந்தது. இப்படிப்பட்ட ஊர்களில் கவுன்சில் செய்ய வேண்டியது வேறு வேலை. நான் இருந்த ஒரு ஊரில், பெண்கள் அணி தொடங்க ஆள் இருந்தும் விளையாட இடம் கிடைக்கவில்லை. மைதானப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். செயற்கைப் புல் மைதானத்தில் திங்கள் முதல் வியாழன்வரை மாலை ஆறு முதல் ஒன்பது மணி, அத்தனையும் ஆண்கள் அணிகளின் பெயரில். பதினைந்து வருடம் முன்பு பதிந்தது, வருடா வருடம் கேள்வி இல்லாமல் புதுப்பித்தது. சில அணிகளில் அந்த நேரத்துக்கு ஆறு பேர்கூட வருவதில்லை. பெண் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தது வெள்ளி இரவு ஒன்பது மணி. பதிவேட்டைக் கலைத்துப் புதிதாகப் பங்கு பிரித்தோம். சண்டை வந்தது, இரண்டு கூட்டம் கூச்சலில் முடிந்தது. ஆனால் அடுத்த செப்டம்பரில் செவ்வாய் ஆறு மணிக்குப் பதினோரு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் அங்கே நின்றார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டிவியில் ஒலிம்பிக் பார்த்து ஊரே விளையாட இறங்கும் என்பதற்கு ஆதாரம் மிகவும் பலவீனம். 2012-ஐ ஒட்டி இங்கிலாந்தில் விளையாடுவோர் எண்ணிக்கை ஏறியது, பிறகு இறங்கியது. 2015 வாக்கில் நீச்சலுக்குப் போகிறவர்கள் கணிசமாகக் குறைந்திருந்தார்கள். கிளாஸ்கோவிலும் மக்கள்தொகை அளவில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. எந்தக் கவுன்சிலாவது 'போட்டியால் எங்கள் மக்கள் உடற்பயிற்சிக்கு வந்துவிட்டார்கள்' என்று பெருமை சொன்னால், எந்தக் குளத்தில், எந்தக் கிழமையில், யார் என்று கேளுங்கள்.

அண்மைய உதாரணம் பர்மிங்ஹாம் 2022 காமன்வெல்த் போட்டி. பக்கத்துக் கவுன்சிலான சாண்ட்வெல், ஸ்மெதிக்கில் நீச்சல் மையம் கட்டியது. போட்டிக்குப் பிறகு தற்காலிக இருக்கைகளைக் கழற்றிவிட்டு 2023-இல் மக்களுக்குத் திறந்தது. நல்ல குளம். ஆனால் அதற்காகப் பழைய இரண்டு குளங்கள் மூடப்பட்டன, அதில் ஒன்றுக்காக மக்கள் போராடினார்கள். நடந்தே போய்வந்த பாட்டிக்குப் புதுக் குளம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இரண்டு பஸ் தூரம் என்றால் அது இழப்புதான். இன்னொன்று, 2023 செப்டம்பரில் பர்மிங்ஹாம் கவுன்சில் பணமில்லை என்று அறிவித்ததற்குப் போட்டிதான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். கவுன்சில் சொன்ன முக்கியக் காரணங்கள் பெண் ஊழியர்களுக்கான சம ஊதியப் பாக்கியும் ஒரு கணினி அமைப்பின் தோல்வியும். போட்டியை ஒட்டி நகரின் பெரி பார் பகுதியில் கட்டிய வீடுகளில் நஷ்டம் வந்தது உண்மை, அதுவும் சுமையில் சேரும். ஆனால் எல்லாப் பழியையும் போட்டியின்மேல் போடுவது கணக்குக்கு ஒத்துவராது.

உங்கள் கட்டுரைக்கு ஒரு வழி சொல்கிறேன். விருது அறிவிப்பை ஓரமாக வையுங்கள். இந்தக் கவுன்சில்களின் அமைச்சரவை (முடிவெடுக்கும் உறுப்பினர் குழு) கூட்ட அறிக்கைகள் அவர்களின் இணையதளத்திலேயே இருக்கும். போட்டிக்கு நாலைந்து வருடம் முந்தையதையும் மூன்று வருடம் பிந்தையதையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கிடைக்காத எண் ஏதாவது இருந்தால், உதாரணமாக வேலைக்குப் போனவர்களில் ஒரு வருடம் கழித்தும் வேலையில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பது, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் மின்னஞ்சல் அனுப்பலாம். பிரிட்டனில் வசிக்க வேண்டியதில்லை, உலகத்தில் எங்கிருந்தும் கேட்கலாம். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். கேள்வியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றால் இங்கேயே போடுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.